மருந்து அலர்ஜியும் இதயமும்: கேள்வி பதில்

கேள்வி: யூரிக் ஆசிடுக்கு அலோபியூரினால் தொடங்கிய ஐந்தாவது வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம். மருந்தை நிறுத்தி ஸ்டீராய்டு கொடுத்ததில் தடிப்பு அடங்கிவிட்டது. இப்போது நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. படுத்தே கிடந்த அசதியா, டாக்டர்?

பதில்: அசதி என்று விட்டுவிடாதீர்கள் அம்மா, இன்றே காட்டுங்கள். நீங்கள் சொல்வது ‘ட்ரெஸ்’ என்ற கடுமையான ஒவ்வாமை போலத் தெரிகிறது. பெரும்பாலும் மருந்து தொடங்கி 2 முதல் 8 வாரத்துக்குள் வரும். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் பெருகிக் கல்லீரல், சிறுநீரகம் என்று புகும். சிலருக்கு இதயத் தசைக்குள்ளும் போய்விடும். அங்கே அவை கொட்டும் புரதங்கள் தசையை நேரடியாகச் சிதைக்கின்றன. தோல் ஆறிவிட்டால் நோயும் போய்விட்டது என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள், எனக்கு இதுதான் பெரிய கவலை. மருந்தை நிறுத்திச் சில மாதம் கழித்துக்கூட இதயம் பாதிக்கப்படலாம். ஈசிஜி, ட்ரோப்போனின் (இதயத் தசை சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), எக்கோ மூன்றும் எடுக்கச் சொல்லுங்கள். எக்கோ நார்மலாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் இதய எம்ஆர்ஐ பார்ப்பார்கள். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவே கூடாது. மாத்திரையின் பெயரையும் தொடங்கிய தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். பாதி நோயறிதல் அந்தத் தேதியில்தான் இருக்கிறது.

கேள்வி: டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட சில நிமிடத்தில் அண்ணனுக்கு அரிப்பு, நெஞ்சுவலி. ஈசிஜியில் மாரடைப்பு என்றார்கள், ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை!

பதில்: ‘கூனிஸ் சிண்ட்ரோம்’ ஆக இருக்கலாம். கிரேக்க மருத்துவர் நிக்கோலஸ் கூனிஸ் 1991-இல் விவரித்தது. ஒவ்வாமையில் மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் வெடித்து வெளிவிடும் ஹிஸ்டமின் போன்றவை இதய ரத்தக்குழாயை இறுக்கிவிடும். கொழுப்புப் படிவு இருந்தால் அது கிழிந்து ரத்தம் உறையவும் செய்யும். ஸ்டென்ட் வைத்த இடத்திலும் நடக்கும். அந்த ஊசி இனி வேண்டாம். வேறு எந்த வலி மருந்து என்றாலும் கேட்காமல் போடாதீர்கள்.

கேள்வி: நான் ஸ்டாஃப் நர்ஸ். இதய நோயாளிக்கு அனஃபிலாக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான திடீர் ஒவ்வாமை) வந்தால் அட்ரினலின் போடப் பயமாக இருக்கிறது சார்.

பதில்: பிரஷர் இறங்கி மூச்சுத் திணறும்போது தாமதம்தான் உயிரை எடுக்கும். பெரியவர்களுக்குத் தொடைத் தசையில் அட்ரினலின் 0.5 மி.கி.; அவில் (அலர்ஜி மருந்து), ஹைட்ரோகார்ட் (ஸ்டீராய்டு) எல்லாம் அதற்குப் பிறகு. உடனே ஈசிஜியும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: தம்பிக்கு மனநோய் மருந்தான க்ளோசபின் தொடங்கப் போகிறார்கள். இதயத்துக்கு ஆபத்தா?

பதில்: நல்ல மருந்து, பயந்து மறுக்காதீர்கள். இதயத் தசை அழற்சி வந்தால் பெரும்பாலும் முதல் 4 வாரத்தில் வரும். அதுவரை வாரந்தோறும் ட்ரோப்போனின், சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கக் கேளுங்கள். காய்ச்சலோ படபடப்போ நெஞ்சுவலியோ வந்தால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: வலிப்பு மருந்தான கார்பமசெபின் மனைவிக்கு ‘ட்ரெஸ்’ கொடுத்தது. ஃபெனிடாயின் மாற்றலாமா?

பதில்: வேண்டாம். ஃபெனிடாயின், ஃபீனோபார்பிடோன் இரண்டும் அதே குடும்பம், மறுபடி வர வாய்ப்பு அதிகம். லெவெடிரசெடம் என்ற வேறு வலிப்பு மருந்து பற்றி நரம்பியல் மருத்துவரிடம் பேசுங்கள்.