அம்மா இளைத்தது மூட்டுக்கு நல்லதா?

புளியரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “அம்மாவுக்கு 68 வயது. எட்டு ஆண்டுகளாக முடக்குவாதம் (ருமட்டாய்டு) இருக்கிறது. ஓராண்டில் 62 கிலோவிலிருந்து 53 கிலோவாகத் தானாகவே இளைத்துவிட்டார். ‘பாரம் குறைந்தால் முட்டிக்கு நல்லதுதானே’ என்கிறார்கள் உறவினர்கள். போன மாதம் அடுப்படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?”

உண்டு. உறவினர்களின் ஆறுதலை இந்த ஒருமுறை கேட்காதீர்கள்.

முடக்குவாதம் மூட்டோடு நிற்பதில்லை. அழற்சியின்போது இரத்தத்தில் கூடும் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற பொருள்கள் எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. அவையே தசையையும் கரைக்கும், பசியையும் கெடுக்கும். ஆகவே போன 9 கிலோவும் வெறும் கொழுப்பாக இருக்க வாய்ப்பில்லை. சுமை குறையும்போது எலும்பும் மெலிகிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு மிஞ்சியிருக்கும், எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனில் பெரும்பங்கு கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. இளைத்தால் அதுவும் குறையும்.

அப்படியானால் குண்டாக இருப்பதே பாதுகாப்பா என்று அடுத்த கடிதம் வரும். இல்லை. தொப்பைக் கொழுப்பு தானே அழற்சிப் பொருள்களைச் சுரக்கும். அம்மாவுக்குத் திரும்பி வர வேண்டியது தசை.

ஓராண்டுக்குள் 5 சதவீத எடை தானாகக் குறைந்தாலே காரணம் தேட வேண்டும். இங்கே 14 சதவீதத்துக்கும் மேல். சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய் ஆகியவற்றை மருத்துவர் பார்க்கட்டும். பல் போனதால் மெல்ல முடியவில்லையா என்று நீங்களே பார்த்துவிடலாம். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்திருப்பதால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம். அதில் வரும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. அந்த எண் சற்று மேலே இருந்தாலும், இந்த முறிவை வைத்தே மருந்து தொடங்க வேண்டியிருக்கலாம்.

சாப்பாட்டில், வெறும் கஞ்சியும் ஊறுகாயும் போதாது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கஞ்சியோடு பயறு வைக்கிறார்களே, அதுதான் சரி. நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். கால்சியம் 1,200 மில்லிகிராம் வேண்டும். 100 கிராம் கேப்பையில் ஏறத்தாழ 350 கிடைக்கும். சாளை மீனை முள் கரையும்படி குழம்பு வைத்தால் கால்சியத்தோடு வைட்டமின் டியும் சேரும். ஆரியங்காவு தாண்டி வாங்கி வரும் தைலம் வலிக்கு இதம் தரலாம். எலும்பரிப்பை அது தடுக்காது.

கடைசியாக, நான் அதிகம் கவலைப்படுவது மருந்துக்கடையில் பொட்டலமாகக் கட்டித் தரும் வலி மாத்திரையைப் பற்றித்தான். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். பிரெட்னிசலோன் போன்றவை முதல் சில மாதங்களிலேயே எலும்பை வேகமாக உருக்கும். அதற்காகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. மருத்துவரிடம் போகும்போது அந்தப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.