ஆறு பேர் எங்கே?

கேள்வி: கொரோனா காலத்தில் உலக சுகாதார நிறுவனத்துக்கு மாறாகப் பேசியவர்களைக் கிறுக்கர்கள் என்றார்கள். வைரஸ் காற்றில் பரவும் என்று சொன்னவர்கள்தான் கடைசியில் ஜெயித்தார்கள். இனிமேல் எதிர்த்துப் பேசுகிறவரை நம்புவதுதானே புத்திசாலித்தனம்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: பாதிக் கதையைச் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். 2020 மார்ச் 28 அன்று 'கோவிட் காற்றில் பரவாது' என்று ட்விட்டரில் அடித்துச் சொன்னது அந்த நிறுவனம். அதற்கு 18 நாள் முன்புதான் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். யாரும் கைகுலுக்கவில்லை, சானிடைசர்கூட இருந்தது. 53 பேர் கொரோனாவில் படுத்தார்கள், இரண்டு பேர் இறந்தார்கள். ஆஸ்திரேலிய இயற்பியல் பேராசிரியர் லிடியா மொராவ்ஸ்கா போன்றவர்கள் இதைப் போன்ற கணக்குகளை முன்வைத்துத்தான் வாதாடினார்கள். காற்றில் பரவுவதைக் கவனியுங்கள் என்று அவர்கள் எழுதிய கடிதத்தை ஆதரித்து 239 விஞ்ஞானிகள் நின்றார்கள். நாம் என்னவோ பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம் (நானும்தான்).

சரி, மீதிப் பாதி? பிரான்சில் மார்செய் நகரத்து நுண்ணுயிரியல் பேராசிரியர் திதியே ரவுல் யார்? அவரும் எதிர்க்குரல்தான். ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து வைரஸை விரட்டுகிறது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அந்த ஆய்வில் மருந்து கொடுக்கப்பட்டவர்கள் 26 பேர். கட்டுரையில் கணக்குக்கு வந்தவர்கள் 20 பேர். விடுபட்ட ஆறு பேரில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள், ஒருவர் இறந்தவர், ஒருவர் குமட்டலால் மருந்தை நிறுத்தியவர், இன்னொருவர் மருத்துவமனையை விட்டே கிளம்பியவர். தேர்வில் தோற்ற பையன்களை விட்டுவிட்டு 100 சதவீத தேர்ச்சி காட்டும் பள்ளிக்கூடம் மாதிரி!

வேடிக்கை என்னவென்றால், இந்த மருந்தை நம்ம ஐ.சி.எம்.ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) அதே மார்ச்சில் மருத்துவப் பணியாளர்களுக்குத் தடுப்பு மருந்தாகச் சிபாரிசு செய்தது. முடக்குவாதத்துக்கு அதை வழக்கமாகச் சாப்பிடுகிறவர்கள் மருந்துக் கடை மருந்துக் கடையாக அலைந்தார்கள். ஜூன் மாதம் பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு, ஆஸ்பத்திரியில் சேர்ந்த நோயாளிகளுக்கு அதனால் பலன் இல்லை என்று காட்டியது. ரவுலின் கட்டுரையை 2024 டிசம்பரில்தான் திரும்பப் பெற்றார்கள்.

ஆக, ஒருவர் எதிர்த்துப் பேசினார் என்பது மட்டும் எனக்குப் போதாது. அப்புறம், நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய வீடியோவில் ஒரு டாக்டர் நூற்றுக்கணக்கானவர்களைக் குணமாக்கியதாகச் சொல்கிறார். குணமாகாதவர்கள் எத்தனை பேர் என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள். பதில் வந்தால் அடுத்த இதழிலேயே போட்டுவிடுகிறேன்.