ஓவர்டைமை நம்பி வாங்கிய கடன்

கேள்வி: சவூதி அரேபியாவின் ஜுபைலில், சுத்திகரிப்பு ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சம்பளம் 4,000 ரியால். ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் வேலைகள் தொடர்ந்து இருந்தவரை ஓவர்டைம் 2,000 ரியால் வந்தது. நான்கு மாதமாக 500 ரியாலைத் தாண்டவில்லை. பரமக்குடி அருகே வீடு கட்டிய கடனுக்கு மாதம் ரூ.38,000 தவணை. மனைவியின் நகைகள் 5 லட்சம் ரூபாய்க்கு அடகில் இருக்கின்றன. வட்டி மாதம் ரூ.4,500. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்கையின் கணவர் டிப்பர் லாரி வாங்குவதற்காக இங்குள்ள வங்கியில் என் பெயரில் பர்சனல் லோன் எடுத்துக் கொடுத்தேன். மாதம் 800 ரியால் பிடிக்கிறார்கள். இன்னும் மூன்று ஆண்டு பாக்கி. இப்போது இரண்டாவது டிப்பருக்கு, அதே கடனின் மேல் கூடுதலாக எடுக்கும் டாப்-அப் கடன் கேட்கிறார். மறுத்தால் தங்கையின் வாழ்க்கை என்னாகும் என்று அம்மா அழுகிறார். கையில் 3 லட்சம் ரூபாய் டெபாசிட் இருக்கிறது. கச்சா எண்ணெய் விலை ஏறும் என்கிறார்கள். இந்தப் பணத்தை எரிசக்தித் துறை மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் கடனை அடைத்துவிட முடியுமா? அறை நண்பர் செல்போனிலேயே கச்சா எண்ணெய் வர்த்தகம் செய்கிறார், அதில் இறங்கலாமா?

பதில்: டாப்-அப் கடனை எடுக்காதீர்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம். அந்தப் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஒரு ரியாலை ரூ.23 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நிலையான சம்பளம் ரூ.92,000. உங்கள் சாப்பாடு, செல்போன் செலவுக்கு 900 ரியால் என்றால் ரூ.20,700. ஊரில் வீட்டுச் செலவை நீங்கள் எழுதவில்லை, ரூ.30,000 என்று கொள்கிறேன். வீட்டுக் கடன் ரூ.38,000, நகை வட்டி ரூ.4,500, டிப்பர் கடன் ரூ.18,400. ஆக மொத்தம் ரூ.1,11,600. ஓவர்டைம் முழுதாக வந்த மாதங்களில் ரூ.26,400 மிஞ்சியது. இன்றைய 500 ரியால் ஓவர்டைமில் ரூ.8,100 துண்டு விழுகிறது. அதுவும் நின்றால் மாதம் ரூ.19,600 பள்ளம். வீட்டுக் கடனையும் டிப்பர் கடனையும் முடிவு செய்தபோது உங்கள் சம்பளம் 6,000 ரியால் என்று மனதில் வைத்திருந்தீர்கள். அது ஒருபோதும் உங்கள் சம்பளமாக இருந்ததில்லை. சம்பளம் 4,000 ரியால்தான். மீதி, எண்ணெய் நன்றாக ஓடிய காலத்தின் வரும்படி. அதைக் காட்டி மாதத் தவணைகளை ஏற்றிக்கொண்டதுதான் உங்கள் குடும்பத்தை நெருக்குகிறது.

வேலைக்கு ஆபத்து உண்டா என்பதற்கு உங்கள் கம்பெனியை வைத்து என்னால் பதில் சொல்ல முடியாது. ஆனால் எண்ணெய் விலை விழுந்தால் அது உங்களை எந்த வழியாக வந்து சேரும் என்று சொல்ல முடியும். சவூதியில் 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்றே நிலைநிறுத்தி வைத்திருக்கிறார்கள். நார்வேயில் எண்ணெய் விலை சரிந்தால் அந்த நாட்டு நாணயமும் சேர்ந்து சரிந்து, அடியில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். சவூதியில் ரியால் அசையாது. அதனால் அடி பெரும்பாலும் அரசுச் செலவில் விழுகிறது. புதிய திட்டம் தள்ளிப்போகிறது, காண்ட்ராக்டருக்குச் சேர வேண்டிய பில் தாமதமாகிறது, அவர் உங்கள் சம்பளத்தைத் தாமதப்படுத்துகிறார். ரியாலின் மதிப்பு குறையாது. ரியால்தான் கைக்கு வராது.

2014 நடுவில் 100 டாலருக்கு மேல் விற்ற ஒரு பீப்பாய் எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் அங்கே முகாம்களில் சிக்கிக்கொண்டார்கள். ஜித்தாவில் இந்தியத் துணைத் தூதரகம் அவர்களுக்கு உணவு கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் செப்டம்பரில் அமைச்சர்களின் சம்பளத்தையே 20 சதவீதம் குறைத்தார்கள். 2020-ஐ நீங்கள் அங்கிருந்தே பார்த்திருக்கிறீர்கள்: ஜூலையில் மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக 15 ஆனது. வரவு குறைந்த அதே ஆண்டில் கடையில் விலையும் ஏறியது.

எண்ணெயை மட்டும் நம்பிய நாடுகள் எல்லாமே இப்படித் தவித்தன என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் இருக்கும் குவைத், 1976 முதல் பல பத்தாண்டுகளுக்கு, அரசு வருவாயில் 10 சதவீதத்தை வருங்காலத் தலைமுறைக்கு என்று தனி நிதியாக ஒதுக்கி வெளிநாடுகளில் முதலீடு செய்துவந்தது. 1990 ஆகஸ்டில் ஈராக் படை உள்ளே புகுந்தபோது ஒரு பீப்பாய் எண்ணெயைக்கூட விற்க முடியாத நிலை. வெளியேறிய அரசு, வெளிநாட்டில் இருந்த முதலீடுகளைக் கொண்டுதான் தன் மக்களுக்கும் பணம் கொடுத்து, போர்ச் செலவையும் சமாளித்தது. நல்ல விலை கிடைத்த ஆண்டுகளில் எடுத்து வைத்த பணம் அது. உங்களுக்கும் ஓவர்டைம் நல்ல ஆண்டுகள் இருந்தன. அந்தப் பணம் டிப்பர் தவணையாகவும் நகை வட்டியாகவும் போய்விட்டது.

அடுத்து எரிசக்தி ஃபண்ட். உங்கள் சம்பளம், ஓவர்டைம், பணி முடிவில் வரும் தொகை எல்லாமே ஏற்கெனவே எண்ணெயில்தான் இருக்கின்றன. மிச்சமிருக்கும் 3 லட்சத்தையும் அதிலேயே போடுவதாகச் சொல்வது எனக்குக் கவலையளிக்கிறது. எண்ணெய் சரிந்தால் சம்பளமும் சேமிப்பும் ஒரே மாதத்தில் அடிவாங்கும். சரி, விலை ஏறினாலாவது லாபமா என்றால், அதற்கும் உறுதியில்லை. இந்த ஃபண்டுகளில் ஓ.என்.ஜி.சி. போன்று எண்ணெய் எடுக்கும் நிறுவனங்களும் இருக்கும், இந்தியன் ஆயில் போன்று கச்சா எண்ணெய் வாங்கி பெட்ரோலாக விற்கும் நிறுவனங்களும் இருக்கும். கச்சா விலை ஏறினால் முன்னவருக்கு லாபம். பின்னவர் பெட்ரோல் விலையை உடனே ஏற்ற முடியாமல் திணறுவார். துறை ஃபண்டுகளை விற்கும் முகவர்கள் இதைச் சொல்வதில்லை.

அறை நண்பரின் வர்த்தகத்துக்கு ஒரு வரி போதும். 2020 ஏப்ரலில் எம்.சி.எக்ஸ். என்ற இந்தியப் பண்டச் சந்தையில் கச்சா எண்ணெய் முன்பேரக் கான்ட்ராக்ட் ஒரு பீப்பாய்க்கு மைனஸ் ரூ.2,884 என்று கணக்கு முடிக்கப்பட்டது. வாங்கி வைத்திருந்தவர்கள் போட்ட பணத்தை இழந்ததோடு, மேலும் கட்ட வேண்டியிருந்தது.

இனி தங்கையின் கணவர். முதல் டிப்பர் இரண்டு ஆண்டுகளாக ஓடுகிறது. மாதம் 800 ரியால் ஏன் இன்னும் உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது? வண்டி ஓடி லாபம் வருகிறது என்றால் மாதம் ரூ.18,400 அவர் உங்கள் மனைவியின் கணக்கில் போட வேண்டும். லாபம் வரவில்லை என்றால் இரண்டாவது வண்டி எதற்கு? மண்ணும் ஜல்லியும் அடிக்கும் தொழில் குவாரி அனுமதியையும் நடைச்சீட்டையும் நம்பியிருக்கிறது. குவாரி மூடினால் ஒரு வண்டி நிற்கும் இடத்தில் இரண்டு வண்டிகள் நிற்கும். நீங்கள் பூமிக்கு அடியிலிருந்து வரும் பொருளை நம்பிப் பிழைக்கிறீர்கள், அவரும் அப்படியே. இரண்டு குடும்பங்களின் ஆபத்தையும் ஒரே சம்பளச் சீட்டில் ஏற்ற முடியாது.

அம்மாவிடம் போனில் வாதாட வேண்டாம். தங்கையையும் அவர் கணவரையும் நேரடியாக அழைத்து, ஓவர்டைம் நின்றுவிட்டதை எண்களோடு சொல்லுங்கள். பெரும்பாலான குடும்பங்களில் வளைகுடாவில் இருப்பவரின் உண்மையான சம்பளம் ஊரில் யாருக்கும் தெரியாது. கேட்டால் கிடைக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் தவணையை அவர் கட்ட வேண்டும். முடியாதென்றால் டிப்பரை விற்றுக் கடனை முடிக்க வேண்டும். கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் போகலாம். போகட்டும்.

அந்த ரூ.18,400 நின்றால் உங்கள் பள்ளம் ரூ.1,200 ஆகச் சுருங்கும். நகைகளில் ஒரு பகுதியை விற்று மீதியை மீட்க மனைவி சம்மதித்தால் அதுவும் மூடிவிடும், முடிவு அவருடையது. 3 லட்சம் டெபாசிட்டைத் தொடாதீர்கள். சம்பளம் தாமதமானால் மூன்று மாதம் தாங்குவதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது. இனி வரும் ஓவர்டைம் எவ்வளவானாலும் அதனுடன் சேரட்டும்.

கடைசியாக, பணி முடிவுத் தொகை. சவூதி தொழிலாளர் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். இன்று கம்பெனியே உங்களை அனுப்பினால் 10,000 ரியாலும் 16,000 ரியாலுமாக 26,000 கிடைக்கும். நீங்களாக ராஜினாமா செய்தால் பத்து ஆண்டு நிறைவடையும் வரை அதில் மூன்றில் இரண்டு பங்குதான், சுமார் 17,300. டிப்பர் கடனில் பாக்கித் தவணைகளோ 28,800 ரியால். உங்கள் ஒன்பது ஆண்டு உழைப்புக்கான தொகை அந்தக் கடனை அடைக்கவே போதாது. வேலை போய், கடன் நிலுவையில் நின்றால் வங்கி வழக்குப் போட்டு நாட்டை விட்டு வெளியேற முடியாமல் தடை வாங்கவும் வாய்ப்புண்டு. ஆகவே கோபத்தில் ராஜினாமா வேண்டாம். பத்து ஆண்டை முடியுங்கள். இந்த வாரமே வங்கிக்குப் போய் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: இன்று முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும்? பணி முடிவுத் தொகையை வங்கி பிடித்துக்கொள்ளலாம் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கிறதா? டிப்பரை விற்பதா, ஓட்டுவதா என்று பேசும்போது அந்தத் தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.