சுழலுக்குள் வளரும் அணிகள்: கேள்வி பதில்

கேள்வி: மேட்லேப் என்ற கணக்கீட்டு மொழியில், ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுழலுக்குள், சுற்றுக்கு ஒரு மதிப்பாக அணியின் (வரிசையாக அடுக்கிய எண்களின்) கடைசியில் சேர்க்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் அணியின் அளவு மாறுகிறது என்று எடிட்டர் எச்சரிக்கிறது. பொருட்படுத்த வேண்டுமா?

பதில்: வேண்டும். அணியின் உறுப்புகள் நினைவகத்தில் இடைவெளியின்றி அடுத்தடுத்து அமர வேண்டியவை என்பதால், பின்னால் இடம் இல்லாதபோது பெரிய இடமொன்றைப் புதிதாகப் பிடித்து, பழையன அனைத்தையும் அங்கே நகலெடுத்த பிறகே புதியதை வைக்க முடியும். ஒவ்வொரு சேர்ப்புக்கும் இது நடந்தால், 1,00,000 உறுப்புகள் நிரம்புவதற்குள் ஏறத்தாழ 500 கோடி நகல்கள் ஆகிவிடும். உறுப்புக்கு 8 பைட் வீதம் அது 40 கிகாபைட். இத்தனை பாடும் 8,00,000 பைட் கொள்ளும் ஓர் அணிக்காக! மேட்லேப் 2011இல் இந்த வளர்ச்சியை விரைவாக்கியது என்றாலும், அளவு தெரிந்திருந்தால் சுழலுக்கு முன்பே பூஜ்யங்களால் நிரப்பி இடம் ஒதுக்கிவிடுவதே (முன்னொதுக்கீடு) முறை. நிரம்பாமல் மிஞ்சிய பூஜ்யங்களை இறுதியில் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் சராசரி பொய் சொல்லும்.

கேள்வி: பைத்தான் மொழியின் எண் கணக்கீட்டு நூலகமான நம்பையில் கடைசியில் சேர்க்கும் அப்பெண்டும், பைத்தான் பட்டியலின் அப்பெண்டும் ஒன்றுதானே?

பதில்: பெயர் மட்டுமே ஒன்று. நம்பையினுடையது ஒவ்வொரு முறையும் முழு நகல் எடுத்துப் புதிய அணியைத் திருப்பித் தருகிறது. பட்டியலோ வளரும்போது எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதல் இடம் பிடித்து வைத்துக்கொள்வதால், பெரும்பாலான சேர்ப்புகளுக்கு நகலே தேவைப்படுவதில்லை. நீளம் தெரியாதபோது பட்டியலில் சேர்த்து, கடைசியில் ஒரே முறை அணியாக்குங்கள்.

கேள்வி: அப்படியானால் முன்னொதுக்கீடு பழைய மூடநம்பிக்கைதான். இடம் போதாதபோதெல்லாம் இரட்டிப்பாக்கினால் தீர்ந்ததே?

பதில்: நகல் கணக்கில் வெற்றி உங்களுக்கே. ஓர் உறுப்பிலிருந்து இரட்டித்துக்கொண்டே போனால் அதே 1,00,000 உறுப்புகளுக்கு மொத்தம் 1,31,071 நகல்களே ஆகின்றன. ஆனால் நகல் மட்டுமே செலவன்று. இரட்டிக்கும் தருணத்தில் பழைய இடமும் புதிய இடமும் ஒருசேர நிற்பதால் மும்மடங்கு நினைவகம் தேவைப்படலாம். பைத்தான் பட்டியலில் ஒவ்வொரு தசம எண்ணும் 24 பைட் கொண்ட தனிப் பொருள். அதைச் சுட்ட மேலும் 8 பைட். இருபரிமாண அணியில் நிலைமை இன்னும் மோசம்: நெடுவரிசை நெடுவரிசையாகச் சேமிக்கும் மேட்லேப்பில் ஒரு கிடைவரிசையைச் சேர்த்தால், முதல் நெடுவரிசை தவிர மற்றவையெல்லாம் இடம்பெயர வேண்டும்.

கேள்வி: சி பிளஸ் பிளஸ் மொழியின் வளரும் அணியான வெக்டரில் அந்தத் தனிப் பொருள் சுமை இல்லையே?

பதில்: இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெக்டர் இடம்பெயர்ந்தால் அதன் உறுப்புகளைச் சுட்டிய சுட்டிகள் (நினைவக முகவரிகள்) செல்லாதவையாகிவிடும். அப்படி ஒரு சுட்டியை நம்பி நானே இரண்டு நாள் பிழை தேடியிருக்கிறேன். முன்கூட்டியே இடம் ஒதுக்கும் ‘ரிசர்வ்’ என்ற கட்டளை அதே வெக்டரில் இருப்பது அலங்காரத்துக்கன்று.

கேள்வி: ஆர் என்ற புள்ளியியல் மொழியில் சுழலுக்குள் ‘சி’ சார்பால் ஒவ்வொரு மதிப்பாகக் கடைசியில் ஒட்டுகிறேன், மெதுவாக இருக்கிறது.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எனக்கும் நம்பை அப்பெண்ட் மெதுவாகவே ஓடுகிறது.

பதில்: இரண்டாம் பதில். மேலே ஏற்கெனவே இருக்கிறது.

கேள்வி: நம்பையில் முன்பே இடம் ஒதுக்க ‘எம்ப்டி’, பூஜ்யங்களால் நிரப்பித் தரும் ‘சீரோஸ்’ இரண்டில் எதைப் பயன்படுத்தலாம்?

பதில்: ‘எம்ப்டி’ தருவது காலி அணியன்று, நினைவகத்தில் முன்பு கிடந்த குப்பையோடு வரும் அணி. எல்லா இடமும் நிரம்பும் என்ற உறுதி இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள். நான் தசம அணிகளை ‘எண் அன்று’ என்னும் சிறப்பு மதிப்பால் நிரப்பித் தொடங்குவேன். விடுபட்ட இடம் ஒன்றிருந்தாலும் கூட்டுத்தொகையே ‘எண் அன்று’ ஆகிக் காட்டிக்கொடுத்துவிடும். பூஜ்யமோ வாய் திறக்காது.

கேள்வி: படி அளவு மாறிக்கொண்டே இருக்கும் வகைக்கெழுச் சமன்பாட்டுத் தீர்வில் எத்தனை படி வரும் என்று முன்கூட்டியே தெரியாதே?

பதில்: 1,000 இடங்களோடு தொடங்கி, நிரம்பும்போது இரட்டித்து, நிரம்பிய இடங்களைக் கணக்கிடும் எண்ணியை வைத்துக் கடைசியில் மிச்சத்தை வெட்டுங்கள். வெட்ட மறந்தால் வரைபடத்தின் முடிவில் கோடு பூஜ்யத்துக்குப் பாய்ந்து நிற்கும்.