மைதானத்து ஓரம்: ஜப்பான்காரர்களுக்கு ஏன் பேஸ்பால் பைத்தியம்?

வாசகர்களின் விளையாட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், காவேரிப்பட்டணம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: எங்கள் சிப்காட் கம்பெனிக்கு மெஷின் பூட்ட வரும் ஜப்பான்காரர்கள் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் பேஸ்பால் பார்க்கிறார்கள். அதுவும் பள்ளிக்கூடப் பையன்கள் ஆடும் மேட்ச்! குண்டு போட்ட அமெரிக்காவின் விளையாட்டு மேல் இவ்வளவு பைத்தியம் ஏன்? போரில் ஜெயித்த பிறகு அமெரிக்கா திணித்ததா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: திணிக்கவில்லை தம்பி. குண்டு விழுந்தது 1945இல். பேஸ்பால் அங்கே போனது 1872இல். ஹோரஸ் வில்சன் என்று ஒரு அமெரிக்க வாத்தியார். பிற்பாடு டோக்கியோ பல்கலைக்கழகமாக வளர்ந்த பள்ளியில் பாடம் நடத்தப் போனவர், பையன்கள் கையில் மட்டையைக் கொடுத்தார். அதே காலத்தில் யோகோஹாமா துறைமுகத்தில் வெள்ளைக்காரர்கள் கிரிக்கெட்டும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். அது அவர்கள் கிளப் வேலிக்குள்ளேயே கிடந்தது. பேஸ்பால் வகுப்பறை வழியாக வந்தது. என்னைக் கேட்டால் பாதி பதில் இதிலேயே முடிந்துவிட்டது.

சாமுராய் ரத்தம், கட்டுப்பாடு, கூட்டு மனப்பான்மை என்று பெரிய பெரிய காரணம் எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. விளையாட்டு ரத்தத்திலேயே ஊறி வரும் என்றால் பி.டி. பீரியட் எதற்கு?

ரோஷம் என்று ஒன்று இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். 1896இல் இச்சிகோ என்கிற டோக்கியோ பள்ளியின் பையன்கள், யோகோஹாமாவின் அமெரிக்க அணியை 29க்கு 4 என்று துவைத்து எடுத்தார்கள். வெளிநாட்டுக்காரன் சொல்லிக்கொடுத்த ஆட்டத்தில் வெளிநாட்டுக்காரனையே ஜெயித்தால் ஊர் சும்மா இருக்குமா? அப்புறம் ஒவ்வொரு பள்ளியும் ஒரு டீம் சேர்க்க ஆரம்பித்தது.

மீதியைச் செய்தது பத்திரிகையும் ரயிலும். 1915இல் அசாஹி பத்திரிகை பத்துப் பள்ளிகளைக் கூட்டி ஒரு கோடைப் போட்டி நடத்தியது. பத்திரிகை விற்க அதைவிட நல்ல சரக்கு ஏது? 1924இல் மைனிச்சி பத்திரிகை வசந்த காலத்துக்கு இன்னொரு போட்டியைத் தொடங்கியது. அதே வருஷம் ஹான்ஷின் ரயில் கம்பெனி ஒசாகாவுக்கும் கோபேவுக்கும் நடுவில், தன் தண்டவாளத்தின் ஓரத்திலேயே கோஷியன் மைதானத்தைக் கட்டியது. மேட்ச் பார்க்கப் போகிறவன் டிக்கெட் எடுத்துத்தானே போகவேண்டும்! 1934இல் பேப் ரூத்தையும் மற்ற அமெரிக்க ஜாம்பவான்களையும் கூட்டி வந்தது யோமியூரி பத்திரிகை. ஷிசுவோகாவில் நடந்த ஆட்டத்தில் சவாமுரா எய்ஜி என்ற 17 வயதுப் பையன், ரூத் உட்பட நாலு பேரை வரிசையாக வீட்டுக்கு அனுப்பினான். ஆட்டம் 1–0 என்று தோற்றதுதான். ஆனாலும் அந்தப் பெயர் இன்றைக்கும் சிறந்த பந்துவீச்சாளருக்கான விருதில் இருக்கிறது. அடுத்த இரண்டே வருஷத்தில் தொழில்முறை லீக் வந்தது. போரில் கோஷியனின் இரும்புக் கூரையைக்கூடக் கழற்றிக் கொடுத்தார்கள். சவாமுராவும் 1944இல் போரிலேயே இறந்துபோனார். சண்டை முடிந்த மறு வருஷமே, 1946இல், பள்ளிப் போட்டி திரும்ப நடந்தது. அமெரிக்க ராணுவம் அதை ஊக்குவித்தது உண்மை. விதை அவர்கள் போட்டதல்ல.

உங்கள் இன்ஜினீயர்கள் பார்ப்பது கோஷியனில் நடக்கும் இந்தக் கோடைப் போட்டியாகத்தான் இருக்கும். ஆகஸ்ட் மாதம், 49 பள்ளிகள். மாகாணத்துக்கு ஒன்று, டோக்கியோவுக்கும் ஹொக்கைடோவுக்கும் மட்டும் இரண்டிரண்டு. ஒரு மேட்ச் தோற்றால் மூட்டை கட்டவேண்டியதுதான். நம் குறுவட்டப் போட்டி மாதிரியேதான். ஆனால் அதைப் பார்க்க நானும் தண்ணிக் கேன் கொண்டுவரும் அண்ணனும்தான் நிற்போம். அங்கே என்.எச்.கே. தொலைக்காட்சி நாள் முழுக்க நாட்டுக்கே காட்டுகிறது. வேலைக்கு வெளியூர் போனவனுக்குத் தன் மாகாணத்துப் பள்ளி ஆடுகிறது என்றால் சாப்பாடு இறங்குமா? 2018இல் அகிதா மாகாணத்தின் கனாஷி வேளாண் பள்ளி, உள்ளூர்ப் பையன்களை மட்டும் வைத்துக்கொண்டு இறுதி ஆட்டம் வரை போனது. கடைசியில் ஒசாகா டோயின் பள்ளியிடம் 13–2 என்று பலமான அடி. ஆனாலும் அந்த வருஷம் ஜப்பான் முழுக்கப் பேசியது தோற்ற பள்ளியைப் பற்றித்தான்.

இப்போது பிள்ளைகள் கால்பந்துப் பக்கமும் போகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1993இல் ஜே லீக் தொடங்கியதிலிருந்தே அந்த இழுப்பு உண்டு.

கேள்வி: தோற்ற பையன்கள் அழுதுகொண்டே மைதானத்து மண்ணைப் பையில் அள்ளுவதை வீடியோவில் பார்த்தேன். என்ன வேண்டுதல் அது?
– ஒரு வாசகி, போச்சம்பள்ளி

பதில்: வேண்டுதல் எல்லாம் இல்லை, ஞாபகத்துக்குத்தான். கோஷியனின் மண் மணல் கலந்த கருப்பு மண். அதில் ஒரு கதை இருக்கிறது. வெளிநாட்டுக்கு மாம்பழம் அனுப்பும் உங்கள் ஊர் மண்டிக்காரர்களுக்கு உடனே புரியும்.

1958இல், ஜப்பானின் தெற்குக் கோடித் தீவான ஒகினாவாவின் ஷூரி பள்ளி முதல் தடவையாகக் கோஷியன் வந்தது. முதல் ஆட்டத்திலேயே தோல்வி. மண்ணை அள்ளிக்கொண்டு கப்பலில் ஊர் திரும்பினார்கள். ஒகினாவா அப்போது அமெரிக்காவின் ஆட்சியில் இருந்தது. அதனால் ஜப்பான் மண் அங்கே அந்நிய மண். செடிநோய்த் தடுப்புச் சட்டத்தைக் காட்டி, நாஹா துறைமுகத்தில் அத்தனையையும் கொட்ட வைத்துவிட்டார்கள். சட்டம் சட்டம்தான், பூச்சி புழு வந்தால் யார் பதில் சொல்வது? ஆனாலும் பதினேழு வயசுப் பிள்ளைகளின் பையைப் பிரித்துக் கொட்டுவதை நினைத்தால் எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது. செய்தி கேட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானப் பணிப்பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மண்தானே கூடாது? கோஷியனிலிருந்து கூழாங்கற்களைப் பொறுக்கி அனுப்பினார்கள். அந்தக் கற்கள் ஷூரி பள்ளியின் நினைவுச் சின்னத்தில் பதித்திருக்கின்றன. 2010இல் ஒகினாவாவின் கோனான் பள்ளி கோடைக் கோப்பையையே தூக்கிக்கொண்டு போனது.

கேள்வி: மேடம், எனக்கு பேஸ்பால் ஆட ஆசை. எங்கள் பள்ளியில் மட்டையும் இல்லை, கையுறையும் இல்லை. என்ன செய்யலாம்?
– பத்தாம் வகுப்பு மாணவன், பென்னாகரம்

பதில்: ஜப்பானிலும் எல்லாப் பிள்ளைகளிடமும் இருப்பதில்லை கண்ணு. அதனால்தானே, அமெரிக்காவில் ஆடும் ஜப்பான் பேஸ்பால் நட்சத்திரம் ஒட்டானி ஷோஹேய் அங்கிருக்கும் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் பள்ளிக்கு மூன்று கையுறை அனுப்பினார். அதில் ஒன்று இடக்கைப் பிள்ளைகளுக்கு. அந்த மனுஷனை எனக்குப் பிடித்ததே அதற்குப் பிறகுதான்.

பந்தில் தொடங்கு. ஜப்பான் சிறுவர்கள் ஆடுவது ரப்பர் பந்தில். உனக்கும் இப்போதைக்கு ரப்பர் பந்து போதும், மேலே பட்டாலும் பெரிதாக வலிக்காது. எறிவதைப் பழகு. 2008இல் இந்தியாவில் தேடிப் பிடித்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் அணி ஒப்பந்தம் செய்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இரண்டு பேரும் அதற்கு முன் ஈட்டி எறிந்தவர்கள். உன் பி.டி. சாரிடம் பேஸ்பால் மாதிரியே ஆடும் சாஃப்ட்பால் பற்றியும் கேட்டுப் பார்.

அப்புறம், அடித்தவுடன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடு. கிரிக்கெட் பழக்கத்தில் எல்லாரும் முதலில் அதைத் தூக்கிக்கொண்டேதான் ஓடுவீர்கள். வீசி எறியாதே, பின்னால் நம் விக்கெட் கீப்பர் மாதிரி கேட்சர் உட்கார்ந்திருப்பான்.