பிரெஞ்சு படிக்க வைக்கலாமா? வேலந்தாவளத்து அம்மாவுக்கு ஒரு பதில்

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு நீங்கள் மட்டும் நின்றீர்கள். "சார், பாப்பா பிரெஞ்சு படிக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. படிச்சா வேலை கிடைக்குமா?" என்று கேட்டீர்கள். வேலந்தாவளம் பஸ் வந்துவிட்டதால் நான் ஏதோ அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

பிரெஞ்சு மட்டுமே தெரிந்தவருக்கு வேலை கிடைப்பது கஷ்டம். கணக்குப் பதிவியல் தெரிந்து, கூடவே பிரெஞ்சும் பேசத் தெரிந்தவருக்கு நிலைமை வேறு. பெங்களூரிலும் சென்னையிலும் பிரெஞ்சு வாடிக்கையாளர்களுக்கான கணக்கு வேலையும் தொலைபேசி உதவி வேலையும் செய்கிற கம்பெனிகள் உண்டு. அவர்களுக்கு இரண்டும் தெரிந்த ஆள்தான் வேண்டும். ஆகவே பாப்பா பி.காம். சேரட்டும். அது சாப்பாடு என்றால் பிரெஞ்சு குழம்பு. குழம்பை மட்டும் குடித்துப் பசி ஆறாது.

அடுத்தது, எவ்வளவு பிரெஞ்சு? இங்கேதான் பெற்றோர்கள் ஏமாறுகிறார்கள். மொழித் திறனை அளக்கிற ஐரோப்பிய அளவுகோலில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். ஏ1 என்றால் பெயர் சொல்லலாம், ஊர் சொல்லலாம், கடையில் விலை கேட்கலாம், அவ்வளவுதான். வேலைக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் பி2 கேட்பார்கள், குறைந்தது பி1. ஏ1 முடிக்க 60 முதல் 100 மணி நேரம், பி2 வரை போக ஏறக்குறைய 600 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. தினம் ஒரு மணி நேரம், ஞாயிறு தீபாவளி எதுவும் விடாமல் உட்கார்ந்தால்கூட ஒன்றரை வருடத்துக்கு மேல். கல்லூரிப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கிற பிள்ளைக்கு மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் வந்த ஒரு பையன் கோயம்புத்தூர் உக்கடம் வரை தினமும் பஸ் ஏறிப் போய், மூன்றே மாதத்தில் சரளமாகப் பேசவைக்கிறோம் என்ற ஒரு நிலையத்தில் பணம் கட்டிப் படித்தான். கடைசியில் பளபளவென்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அது அந்த நிலையமே அச்சடித்தது. பிரான்ஸ் கல்வி அமைச்சகம் தருகிற சான்றிதழின் பெயர் டெல்ஃப். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் பாஸ், ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் செல்லும். யார் சேரச் சொன்னாலும் முதல் கேள்வியாக, "உங்கள் பிள்ளைகள் எங்கே போய் டெல்ஃப் எழுதுகிறார்கள்?" என்று கேளுங்கள். பதில் வழவழவென்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. கோயம்புத்தூர்க் கல்லூரிகளில் முதல் மொழிப் பாடமாகத் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுக்கலாம். நிறையப் பேர் எடுக்கிறார்கள், மதிப்பெண் சுலபமாக வரும் என்பதற்காக. அதில் தப்பில்லை. ஆனால் மனப்பாடம் செய்து எழுதி, நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிவிட்டு, ஒரு பிரெஞ்சுக்காரர் எதிரே வந்தால் வாயடைத்து நிற்கிற பிள்ளைகளை நான் வருடா வருடம் பார்க்கிறேன். கேரளாவில் இருந்துகொண்டு பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த பெண், கல்லூரியில் தமிழை விடுவது எனக்குச் சம்மதமில்லை. இது என் சொந்த அபிப்பிராயம், முடிவு உங்களுடையது.

சரி, எப்படி ஆரம்பிப்பது? காதிலிருந்து. முதல் மூன்று மாதம் ஒரு பைசா செலவு வேண்டாம். டிவி5மோந்த் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் இணையதளத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கான பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. ஆர்.எஃப்.ஐ. என்ற பிரெஞ்சு வானொலி தினமும் பத்து நிமிடம் எளிய பிரெஞ்சில் செய்தி வாசிக்கிறது. செய்தி முதலில் தலைகால் புரியாது, பரவாயில்லை, ஓடட்டும்.

ஒரே ஒரு கண்டிப்பு: பிரெஞ்சுச் சொல்லைத் தமிழில் எழுதிவைத்துப் படிக்கக் கூடாது. (நான் இங்கே எழுதுவது உங்களுக்குப் புரிவதற்காக.) மீனுக்கு அவர்கள் சொல்வது புவாஸோன். குடிக்கிற பானத்துக்குச் சொல்வதும் தமிழில் எழுதினால் அதே புவாஸோன்தான். முதலாவதில் வருவது 'பழம்' என்னும்போது வருகிற ப, இரண்டாவதில் வருவது 'பஸ்' என்னும்போது வருகிற ப. நம் எழுத்தில் இரண்டும் ஒன்று. ஹோட்டலில் குடிக்கக் கேட்டால் மீன் வரும். பாப்பா பள்ளியில் மலையாளமும் படித்திருக்கிறாள், அதில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. அந்த வித்தியாசம் அவள் காதுக்கு ஏற்கெனவே தெரியும். ரொட்டிக்கு உள்ள சொல்லைத் தமிழில் எழுதினால் தலையில் ஊர்கிற பேன் ஆகிவிடும், அதையும் சொல்லிவைக்கிறேன்.

அந்த ரொட்டிச் சொல்லில் ஒலி மூக்கு வழியாக வரும். பிரெஞ்சில் இப்படி நிறையச் சொற்கள். ஆங்கிலம் பேசுபவர்கள் இதில் திணறுவார்கள், நாம் திணற வேண்டியதில்லை. வீட்டில் "அவன் வந்தான்" என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி ன் முழுதாக வராது, நாக்கு மேலே போய் ஒட்டாது, உயிரெழுத்தே மூக்கில் ஏறிவிடும். அதேதான். வராதது வேறொன்று: உதட்டை 'உ' சொல்வதுபோலக் குவித்துக்கொண்டு, உள்ளே நாக்கை 'இ' சொல்லும் இடத்தில் வைத்துச் சொல்கிற ஓர் ஒலி. கண்ணாடி முன் நின்று பத்து நாள் பழகினால் வரும். வீட்டில் சிரிக்காதீர்கள்.

இலக்கணத்திலும் அவளுக்குப் பாதி வேலை முடிந்தமாதிரி. நமக்கு நீ, நீங்கள் என்று இருப்பதுபோல அவர்களுக்கு தூ, வூ. யாரிடம் எதைச் சொல்வது என்று நம் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டாம். காடு, இல்லை சேர்ந்து காடில்லை ஆகும்போது உகரம் ஓடிவிடுகிறதே, அதுபோல அங்கேயும் ஒரு சொல்லின் கடைசி உயிர் ஓடிவிடும். எண்பதை 'நாலு இருபது' என்பார்கள், தொண்ணூற்றொன்பதை 'நாலு இருபது, பத்தொன்பது' என்பார்கள். சிரிப்பு வரும். தொண்ணூறில் ஒன்பதைக் காணோமே என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் நாம் என்ன சொல்வது?

கஷ்டம் என்றால் ஆண்பால், பெண்பால்தான். மேசை பெண், புத்தகம் ஆண். காரணம் கேட்கக் கூடாது. சொல்லைப் படிக்கும்போதே லு, லா என்ற முன்சொல்லோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அப்புறம், ஆங்கிலம்போலத் தெரிகிற சொற்கள். லிப்ரெரி என்றால் நூலகம் இல்லை, புத்தகக் கடை. மலையாளத்துக்காரர் வெள்ளம் கேட்டால் நாம் குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறோமே, வெள்ளப்பெருக்கு என்று ஓடுவதில்லையே, அந்தப் பழக்கம் இங்கே உதவும்.

வெளிநாடு பற்றி உங்கள் கணவர் கேட்டார். கனடாவின் குடியேற்றத் திட்டத்தில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு 2023 முதல் தனித் தேர்வுச் சுற்றே நடக்கிறது. ஆனால் அதற்கு டெல்ஃப் செல்லாது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற பிரெஞ்சுத் தேர்வை எழுத வேண்டும், முடிவு இரண்டு வருடம்தான் செல்லும். அதனால் இப்போதே எழுதிவைப்பதில் அர்த்தமில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஜெர்மன் படிக்கிறாளே என்றும் கேட்டார். அவள் நர்ஸிங் படித்தவள். வெளிநாடு போகும் மலையாளிகளுக்கான கேரள அரசு அமைப்பான நோர்க்கா மூலம் ஜெர்மனிக்கு நர்ஸ்களை அனுப்பும் திட்டம் இருப்பதால் அவளுக்கு ஜெர்மன்தான் சரி. அவளைப் பார்த்து நாம் மாற்ற வேண்டாம்.

வகுப்பில் சேர்ப்பதானால் பிரெஞ்சு கற்றுத்தருகிற அலியான்ஸ் ஃபிரான்சேஸ் என்ற நிறுவனம் இருக்கிறது, சென்னையிலும் திருவனந்தபுரத்திலும். புதுச்சேரியில் இருப்பது 1889-லேயே தொடங்கியது. ஆன்லைன் வகுப்பும் நடத்துகிறார்கள், பஸ் செலவு மிச்சம். கட்டணத்தை ஒரு படிக்கு மட்டும் கட்டுங்கள். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று எங்கே சொன்னாலும் வேண்டாம். நிறையப் பேர் ஏ1 முடிவதற்குள் நின்றுவிடுகிற படிப்பு இது.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பாப்பாவை அழைத்துக்கொண்டு வாருங்கள். மீனையும் பானத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லுவேன், எது எது என்று அவள் சொல்லட்டும். பணம் கட்டுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசுவோம்.