முகாம் திடலில் வண்டி ஓட்டம்: வாசகர் கேள்விகள்

2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் வளாகத்தில் பாரத சாரண சாரணியர் வைரவிழா ஜாம்போரி (சாரணர் பெருமுகாம்) நடந்தது. அப்படி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கூடாரம் போட்டுத் தங்கும் இடத்துக்குத் தண்ணீரும் சோறும் விறகும் வண்டியில்தான் வந்தாக வேண்டும். குப்பை வெளியே போவதும் வண்டியில்தான். இந்த வண்டிகளைப் பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

*3,000 மாணவர்களுக்கு நான்கு நாள் முகாம். உள்ளே ஏழெட்டு வண்டிகள் ஓடும். “வேகம் 20 கி.மீ.” என்று பலகை வைத்தால் போதுமா?*
– சாரண ஆசிரியர், திருச்சி

போதாது. அந்த 20-ம் அதிகம். மணிக்கு 20 கி.மீ. என்றால் நொடிக்கு ஐந்தரை மீட்டர். பிள்ளை குறுக்கே வருவதைக் கண்டு ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும். ஐந்தரை மீட்டர் அதிலேயே போய்விடும். பனி விழுந்த புல்லில் டயர் வழுக்கி நிற்க இன்னும் ஐந்து மீட்டர் வேண்டும். பந்தைத் துரத்திக்கொண்டு கூடார வரிசையிலிருந்து ஓடிவரும் பிள்ளை உங்களுக்குப் பத்தரை மீட்டர் அவகாசம் தராது. 10 கி.மீ. வேகத்தில் இதே கணக்கு சுமார் நாலு மீட்டரில் முடிந்துவிடும். குட்டி யானையின் (டாடா ஏஸ்) ஸ்பீடோமீட்டரில் பத்தைப் பார்த்து ஓட்டுவது நடக்கிற காரியமில்லை. அதனால் ஓட்டுநரிடம் கிலோமீட்டர் கணக்குச் சொல்லாதீர்கள். “திடலுக்குள் முதல் கியர், இரண்டாவதைத் தொடக்கூடாது” என்று சொல்லுங்கள்.

ஆனால் வேகத்தைப் பற்றி யோசிக்கும் முன் நேரத்தைப் பிரிக்க வேண்டும். பிள்ளைகள் நடமாடும் நேரத்தில் வண்டி ஓடக்கூடாது. விடியற்காலை 4.30 முதல் 5.45 வரை தண்ணீர், காலைச் சாப்பாடு. எல்லோரும் பயிற்சிக் களத்தில் இருக்கும் 10.30 முதல் 12 வரை மளிகை, குப்பை. மதியம் 3 முதல் 4 வரை மறுபடி தண்ணீர். மற்ற நேரங்களில் வாசலில் கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டு, ஓர் ஆளை நிறுத்துங்கள். ஆம்புலன்ஸுக்கு மட்டும் கயிறு இறங்கும். கொடியேற்றம் முடிந்து கூட்டம் கலையும் பத்து நிமிடமும், கேம்ப் ஃபயர் முடிந்து இருட்டில் கூடாரம் திரும்பும் அரைமணி நேரமும்தான் மிக மோசமான நேரங்கள். அப்போது தலைமை விருந்தினரின் கார்கூட நகரக்கூடாது. அதைச் சொல்லும் தைரியம் உள்ளவரை வாசலில் நிறுத்துங்கள்.

அடுத்தது, வண்டியையே குறைப்பது. குளிக்க, துவைக்க, சமைக்க என்று ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் வைத்தாலும் 1,20,000 லிட்டர் ஆகிறது. 12,000 லிட்டர் லாரி தினமும் பத்து நடை வர வேண்டும். பத்து நடையையும் கூடாரங்களுக்கு நடுவே விடுவதா? திடலின் ஓரத்தில் சாலையை ஒட்டித் தொட்டிகளை வையுங்கள். லாரி அங்கேயே இறக்கிவிட்டுத் திரும்பட்டும். அங்கிருந்து ஒன்றரை அங்குல எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாயில் சின்ன மோட்டார் வைத்து உள்ளே தள்ளலாம். குழாய்க்கு ஆகும் செலவைப் பார்த்து முகம் சுளிக்கும் பொருளாளர்கள் உண்டு. லாரி வாடகையோடு ஒப்பிட்டுக் காட்டினால் வாயடைத்துப் போவார்கள்.

உள்ளே ஓடியே தீரவேண்டிய வண்டிகளுக்குத் திடலைச் சுற்றி ஒருவழிப் பாதை, நாலு மீட்டர் அகலம். எதிரும் புதிரும் வந்தால்தான் ஒதுங்கவும், ரிவர்ஸ் எடுக்கவும் வேண்டிவரும். பாதையின் இருபுறமும் மூங்கில் நட்டுக் கயிறு கட்டுங்கள். கூடாரத்தின் இழுகயிறும் முளையும் பாதைக்குள் நீளக்கூடாது. ஜெனரேட்டர் கேபிள் பாதையைக் கடந்தால் இரும்புக் குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள். ‘ஓரமாகத்தானே கிடக்கிறது’ என்று விட்ட கேபிள் மேல் இருபது தடவை டயர் ஏறினால் உள்ளே செம்பு தெரியும்.

*டாடா ஏஸில் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் வைத்துத் தண்ணீர் விநியோகிக்கிறோம். ஓட்டுநர் “ஒன்றும் ஆகாது” என்கிறார். சரியா?*
– உடற்கல்வி ஆசிரியர், மதுரை

வண்டியின் பதிவுச் சான்றை (ஆர்.சி.) வாங்கிப் பாருங்கள். மொத்த எடை என்று ஒரு எண்ணும், வெறும் வண்டி எடை என்று ஒரு எண்ணும் இருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, ஓட்டுநர், உதவியாளர் எடையையும் கழித்தால் மீதிதான் ஏற்றக்கூடிய பாரம். ஏஸ் வண்டிகளில் அது 750 கிலோ அல்லது அதற்குக் கொஞ்சம் முன்பின். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ. தொட்டியின் எடை தனி.

வண்டிக்கு அடியிலுள்ள வில்பட்டை உடையும், பிரேக் பிடிக்காது என்பது ஒருபுறம். தண்ணீர் ஆடும் என்பதுதான் பெரிய சிக்கல். திருப்பத்தில் தண்ணீர் முழுவதும் வெளிப்பக்கம் சாயும். தொட்டியோ உயரம், வண்டியோ குறுகல். உள்பக்கச் சக்கரம் தூக்கும். பாரத்தைக் குறைக்க நினைத்துப் பெரிய தொட்டியைப் பாதி நிரப்பி ஓட்டுவது இன்னும் தப்பு. தண்ணீர் அலைபாய இடம் கிடைப்பது அப்போதுதான். 500 லிட்டர் தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, முன்பலகையோடு ஒட்டி வைத்து, இரண்டு ராட்செட் பெல்ட்டால் குறுக்காக இறுக்குங்கள். நைலான் கயிறு ஈரத்தில் தளர்ந்துகொடுக்கும். குடிநீருக்கு என்றால் 20 லிட்டர் கேன் நல்லது. முப்பது கேன் ஏற்றினால் 600 கிலோவைத் தாண்டும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலிக் கேன்களை மலைபோல் குவித்து அதன் மேல் பையன்களை உட்கார வைத்துத் திரும்பிவரும் பழக்கத்தையும் நிறுத்துங்கள்.

*சாம்பார் அண்டாவை வண்டியில் கொண்டுபோகும்போது சாயாமல் இருக்க நாலு மாணவர்கள் பின்னால் பிடித்துக்கொள்கிறார்கள். வேறு வழி இருக்கிறதா?*
– என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர், சேலம்

இருக்கிறது. பிள்ளைகளை உடனே இறக்குங்கள். கொதிக்கும் சாம்பாருக்குப் பக்கத்தில், பிடிமானம் இல்லாத தட்டில், நின்றுகொண்டு! வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், சாம்பார் அவர்கள் மேல்தான்.

பால் சொசைட்டியில் பயன்படும் 40 லிட்டர் அலுமினியக் கேன்களை வாடகைக்கு எடுங்கள். மூடி அழுந்திப் பொருந்தும், கழுத்து குறுகல், இருபக்கமும் பிடி உண்டு. அதையும் முக்கால் அளவுக்குத்தான் நிரப்ப வேண்டும். இரண்டு பெரியவர்கள் சேர்ந்து தூக்குங்கள். அண்டாதான் கதி என்றால், முக்கால் நிரப்பி, மூடியை ஈரத்துணியால் சுற்றி, இரு காதுகளோடும் கம்பி போட்டுக் கட்டி, ஒரு பழைய லாரி டயரின் நடுவே இறக்கி வையுங்கள். டயர் நகராது; அண்டா அதற்குள் நகராது. பின்தட்டில் ஆள் கிடையாது. இறக்கும் இடத்தில் கைப்பிடித் துணியோடு இரண்டு சமையல்காரர்கள் காத்திருக்க வேண்டும்.

*பேருந்து நிற்குமிடத்திலிருந்து திடல் ஒன்றரை கி.மீ. தூரம். பிள்ளைகளை டிராக்டர் டிரெய்லரில் அழைத்துவரலாமா? தோப்பு எங்களுடையது, சாலையும் எங்களுடையது.*
– முகாம் ஏற்பாட்டாளர், பொள்ளாச்சி

கூடாது. ஒன்றரை கி.மீ. சாரணர் நடக்காவிட்டால் யார் நடப்பார்? மூட்டை முடிச்சை டிராக்டரில் போடுங்கள், பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்து வரட்டும்.

காரணம் கேட்பீர்கள். விவசாய டிரெய்லர் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த பிரேக் கிடையாது. இறக்கத்தில் டிராக்டர் நின்றாலும் பின்னாலிருக்கும் பாரம் அதைத் தள்ளும். கொக்கியில் மடங்கி டிராக்டரையே பக்கவாட்டில் திருப்பிவிடும். உழவுக்காக இடது, வலது பிரேக் மிதிகளைத் தனித்தனியாக விட்டிருப்பார்கள். இரண்டையும் சேர்க்கும் இணைப்புக் கொண்டியைப் போடாமல் சாலையில் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். மூட்டை ஏற்றும் நடைக்கும் கொண்டி, கொக்கிப் பின், பின்னுக்குள் போடும் பூட்டூசி மூன்றையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டே கிளப்ப வேண்டும். பூட்டூசிக்குப் பதில் ஆணி வளைத்துப் போட்டிருந்தால் அந்த டிராக்டரைத் திருப்பி அனுப்புங்கள். மட்கார்டு மேல் யாரும் உட்காரக்கூடாது. அங்கிருந்து விழுந்தால் பெரிய சக்கரத்துக்கு முன்னால்தான் விழ வேண்டும்.

சொந்தத் தோப்பு என்ற வாதத்துக்கு வருவோம். சரக்கு வண்டியில் கட்டணமில்லாமல் ஏறிய பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இழப்பீடு வண்டி உரிமையாளர் தலையில். முகாம் நடத்துபவரும் தப்ப முடியாது. ஓட்டுவது 18 வயது ஆகாத பையன், அதுவும் மக்கள் வந்துபோகும் பாதையில் என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது.

*ரிவர்ஸ் எடுக்கும்போது விசில் ஊதி வழிகாட்டச் சொல்லியிருக்கிறோம். சரிதானே?*
– சாரணியர் தலைவி, நாகர்கோவில்

கல்யாண மண்டபத்தில் சரி, சாரணர் முகாமில் ஆபத்து. ‘ஒரு விசில் நிறுத்து, இரண்டு விசில் போகலாம்’ என்பது பஸ் கண்டக்டர் மொழி. சாரணருக்கு நீண்ட ஒற்றை ஊதல் ‘அமைதி, கவனி’. தொடர்ந்து வரும் குறுகிய ஊதல்கள் ‘ஓடி வந்து கூடு’. உங்கள் ஆள் வண்டிக்குப் பின்னால் நின்று குட்டி குட்டியாக ஊதினால் குருளையர் (சாரணரில் சின்னப் பிள்ளைகள்) அவரை நோக்கி, அதாவது பின்சக்கரத்தை நோக்கி, ஓடி வருவார்கள்.

கைக்கொடி பயன்படுத்துங்கள். பச்சை என்றால் வா, சிவப்பு என்றால் நில். வழிகாட்டுபவர் வண்டியின் பின்புறம் வலதுபக்க மூலைக்கு வெளியே, ஓட்டுநரின் வலது கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். கண்ணாடியிலிருந்து அவர் மறைந்த கணமே ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க வேண்டும். சைகை காட்டுவது ஒருவர் மட்டும். நாலு பேர் “வா வா, ஹோல்டான், ரைட்டு” என்று கத்தினால் ஓட்டுநர் தனக்குப் பிடித்ததைக் கேட்டுக்கொள்வார்.

*எங்கள் மகனுக்கு 17 வயது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜினியாவின் சம்மிட் பெக்டெல் முகாமில் சேவைக் குழுவில் சேர விரும்புகிறான். அங்கே யு.டி.வி. (மேடுபள்ளத்தில் ஓடும் சின்ன நாலு சக்கர வண்டி) ஓட்டலாம் என்று ஆசை. கார் ஓட்டத் தெரியும்.*
– ஒரு தாய், டல்லாஸ்

2019 உலக ஜாம்போரி நடந்த இடம் அது. மலைச்சரிவு, முகாமுக்கும் முகாமுக்கும் கிலோமீட்டர் கணக்கில் தூரம். அதனால்தான் அங்கே யு.டி.வி. தேவைப்படுகிறது. முகாமின் வயது விதிதான் முடிவானது. தயாரிப்பாளர்கள் பெரிய யு.டி.வி.களுக்கு 16 வயதும் ஓட்டுநர் உரிமமும் கேட்பது அடிமட்ட அளவு.

கார் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் தவறு செய்கிறார்கள். வண்டி குறுகல், தரையிலிருந்து உயரம், டயர் மெத்தென்றது. காரில் சாதாரணமாக எடுக்கும் திருப்பத்தில் இது கவிழும். சரிவின் குறுக்கே ஓட்டாமல் நேராக ஏறி நேராக இறங்கச் சொல்லுங்கள். ஏற முடியாமல் நடுவழியில் நின்றுவிட்டால் திருப்பக்கூடாது. பிரேக்கோடு நேர்பின்னாக இறங்க வேண்டும்.

தலைக்கு மேலிருக்கும் இரும்புக் கூண்டு காப்பாற்றுவது சீட் பெல்ட் போட்டவரை மட்டுமே. போடாதவர் வெளியே விழுவார், அதே கூண்டு அவர் மேல் விழும். வண்டி சாயும்போது கையையோ காலையோ வெளியே ஊன்றத் தோன்றும். எலும்பு நொறுங்குவது அப்படித்தான். கை ஸ்டியரிங்கில், கால் உள்ளே. பெஞ்சில் முதுகு சாய்ந்து உட்கார்ந்தால் பாதம் தரையில் படாத பிள்ளையை ஏற்றக்கூடாது. பெல்ட் எத்தனையோ அத்தனை ஆள்தான். பின்தட்டு சாமானுக்கு மட்டும். நண்பர்கள் “அந்த முனை வரைக்கும்தான்டா” என்று தொற்றும்போது முடியாது என்று சொல்வது உங்கள் மகனுக்கு ஓட்டுவதைவிடக் கஷ்டமாக இருக்கும். இப்போதே சொல்லி வையுங்கள்.

*டிசம்பரில் வயல் ஓரத் திடலில் முகாம். மழை பெய்தால் வண்டி புதைகிறது. பையன்கள் தள்ளித்தான் எடுக்கிறோம்.*
– விவசாயி, முகாம் இடம் தருபவர், தஞ்சாவூர்

2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமங்கும் திடலில் உலக ஜாம்போரிக்குச் சுமார் 43,000 பேர் கூடினார்கள். கடலைத் தூர்த்த நிலம்; முகாம் தொடங்கும் முன்பே மழைநீர் வடியாமல் நின்றது. அப்புறம் வெயில், அதற்கும் அப்புறம் புயல் எச்சரிக்கை. ஆகஸ்ட் 8 அன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட பேருந்துகளில், அதுவரை எஞ்சியிருந்த எல்லோரையும் வெளியேற்றினார்கள். உங்களிடம் வண்டிப் பாதை ஒன்றாவது கிராவல் போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் அதில்தான் வரும்.

புதைந்த வண்டிக்குப் பின்னால் பையன்களை நிறுத்தாதீர்கள். சக்கரம் பிடித்ததும் வண்டி துள்ளும், வழுக்கிப் பின்னேயும் வரும். ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்கக் குழிதான் ஆழமாகும். பாரத்தை இறக்கி, மண்வெட்டியால் டயருக்கு முன் சாய்வாக வெட்டி, பலகையோ சாக்கோ திணித்து, இதற்கு மட்டும் இரண்டாம் கியரில் மெல்ல எடுங்கள். டிராக்டரால் இழுத்தால் கிணற்றுக் கயிறு வேண்டாம்; தட்டைப் பட்டையும் டி-ஷேக்கிளும் (திருகாணி போட்ட இரும்பு வளையம்) வண்டியின் இழுகொக்கியில் மாட்டுங்கள், பம்பரில் அல்ல. பட்டை பத்து மீட்டர் என்றால் சுற்றிலும் பதினைந்து மீட்டருக்குள் ஒருவரும் நிற்கக்கூடாது. அறுந்த பட்டை சாட்டைபோல் வரும்.

*இரவில் அவசரத்துக்கு வண்டி எடுக்கலாமா?*
– மாணவர் தலைவர், கோவை

புழுக்கமான இரவுகளில் பிள்ளைகள் பாயை வெளியே இழுத்துப்போட்டுப் புல்லில் படுத்திருப்பார்கள். போர்வைக்குள் இருப்பவர் ஹெட்லைட்டில் மூட்டைபோல்தான் தெரிவார். கூடார வரிசைக்குள் வண்டி வேண்டாம். நோயாளியை ஸ்ட்ரெச்சரில் சுற்றுப்பாதைக்குக் கொண்டுவாருங்கள். பாதையிலும் டார்ச்சோடு ஒருவர் வண்டிக்கு ஐந்து மீட்டர் முன்னால் நடக்க வேண்டும். காலை நாலரைக்கு வண்டி எடுத்த ஓட்டுநரை இரவு பதினொன்றுக்கு எழுப்பக்கூடாது, இரவுக்கு வேறு ஆள். சாவிகள் அலுவலகக் கூடாரத்தில், எடுத்தவர் பெயரும் நேரமும் எழுதும் நோட்டுக்குப் பக்கத்து ஆணியில்.